காத்தாயியத் தேடி மோரிப் வரைக்கும்

கோலாலம்பூர்ல காப்பியக் கோப்பையில வாங்கி, அடியில இருக்குற தட்டுல ஊத்தித்தான் குடிக்கிறாங்க. நான் போய்ச் சேந்த மறுநாள் காலையில பிரிக்பீல்ட்ஸ் பாய் கடையில, பக்கத்து ஆளப் பாத்து நானும் அப்படியே ஊத்தி உறிஞ்சினேன். கருப்பு, கசப்பு, சூடு. நம்ம பக்கம் அந்தக் காலத்துல காப்பி குடிக்கிறவன் ஊருக்கு ரெண்டு பேரு இருந்தா அதிகம். காலையில நீராகாரம், கடிச்சுக்க வெங்காயம். அது வயித்தக் குளிர வைக்கும். இது மண்டைய முழிக்க வைக்குது. முழிச்ச மண்டையோட நான் செஞ்ச காரியத்தத்தான் சொல்லப் போறேன்.

எந்தங்கச்சி பாக்கியம் அங்க ரயில்வே லயத்துல, கூலிங்க இருக்குற வரிசை வீட்டுல இருந்தா. அவ புருசன் தண்டவாளத்து வேலை செஞ்ச மனுசன். நல்ல மனுசன், கோவம் வந்தா மட்டும் சட்டிய ஒடைப்பாரு. காய்ச்சல்ல போயிட்டாரு. ஒரே மக காத்தாயி. அங்கயே பொறந்தவ, இருபது வயசு. சின்னதுல வந்த காய்ச்சல்ல முழங்காலுக்குக் கீழ ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. கைக்கு ஒரு மரக்கட்டை புடிச்சு ஊனி ஊனி நகந்து போவா. டோபி கடைத் துணிக்குப் பட்டன் தைச்சுக் குடுப்பா. ரெண்டு பேரையும் ஊருக்குக் கூட்டியாந்துடலாம்னுதான் நான் கப்பலேறினேன்.

அது ரப்பர் விலை விழுந்து கெடந்த நேரம். வேலையில்லாதவன், ஒடம்புக்கு முடியாதவன்னு பாத்துப் பாத்து ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. அனுப்புறதுக்கு முந்தி கடலோரமா கேம்புல வைப்பாங்க. எங்க ஆளுங்களுக்குக் கேம்புன்னா அது ஒண்ணுதான். கம்பி வேலி, தலையில மருந்துத் தண்ணி, கழுத்துல நம்பர் அட்டை. வர்றப்ப நானும் அப்படி ஒண்ணுல கெடந்துட்டுத்தான் வந்தேன். அந்தச் சோத்துல மண்ணெண்ண வாசம் அடிச்சுச்சு. இன்னிக்கும் மூக்க விட்டுப் போகல.

பாய் கடையில எனக்கு எதிர்ல வந்து உக்காந்தாரு ஒருத்தரு. வெள்ளைக் கோட்டு, தொப்பி, கையில ஒரு நோட்டு. யாழ்ப்பாணத்துக்காரரு, ரயில்வே ஆபீஸ்ல கிராணி, கணக்கு எழுதுறவரு. அந்தப் பக்கம் அவங்கதான் நெறைய. அவங்க பேசுறதும் தமிழுதான், ஆனா இழுத்து இழுத்து ராகமா வரும், பாதி புரியும், பாதிய நாமதான் போட்டுக்கணும். இந்தப் பக்கம் காலு கையி வராத புள்ளைங்க இருக்கான்னு அவரு விசாரிக்க, கடைக்கார பாய் என்னக் காட்டி, "இவரு தங்கச்சி மகளுக்குத்தான் கிராணியாரே, காலு வராது"ன்னு எடுத்துக் குடுத்தாரு.

"உங்கட மருமகளோ ஐயா? என்ன வயசு?"

"இருபதுங்க. அவளக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

"நல்லதாப் போச்சு. எங்கட சங்கம் இப்பிடியான இளம் பிள்ளையளுக்கு ஒரு கேம்ப் நடத்துது. கடற்கரையிலை, ஏழு நாள். சாப்பாடு, வண்டி எல்லாம் எங்கட பொறுப்பு."

நீங்களே சொல்லுங்க. கேம்பு. கடலு. துறைமுகத்துலேருந்து நாகப்பட்டணத்துக்குக் கப்பல் ஓடுறது ஏழு நாளு. சோறும் அவங்களே போடுறாங்க, முடியாதவங்களுக்குன்னு தனியா. இதுக்கு மேல ஒரு மனுசன் கப்பல் டிக்கெட்டப் பத்தி எப்படி வெளக்கமாச் சொல்லுவான்? சாமியே தேடி வந்து எதிர்ல உக்காந்த மாதிரி இருந்துச்சு. பேரு கேட்டாரு, சொன்னேன். லயம் எதுன்னாரு, சொன்னேன். மையப் பூசினாரு, கட்டைவெரல அழுத்தினேன். மொதல்ல புள்ளைக்கு எடம் புடிப்போம், பின்னாலயே தாய்க்கும் எனக்கும் கேட்டுக்கலாம்னு எனக்கு ஒரு நெனப்பு.

மத்தியானம் தங்கச்சி கங்குங் கீரை வதக்கி இருந்தா. ஓடையில மெதக்குற கீரை அது, பெலாச்சான்னு ஒரு எறாக் கட்டிய சுட்டு அதுல போடுறாங்க. மொதல்ல மூக்கப் பொத்திக்கத் தோணும். மூணாவது கவளத்துல தட்ட வழிப்போம். அப்படி வழிச்சுக்கிட்டே காத்தாயிகிட்டச் சொன்னேன், "அடுத்த மாசம் இந்நேரம் நாம ஊர்ல இருப்போம் ஆத்தா."

"நாமன்னா யாரு மாமா?"

"நீ, ஒங்கம்மா, நான்."

"நான் எப்ப வரேன்னு சொன்னேன்?" நூலப் பல்லால கடிச்சுத் துப்புனா. "ஒங்க ஊர்ல டோபி இருக்கானா?"

"வண்ணான் இருக்கான்."

"அவன் வெளுக்குற துணியில பட்டன் இருக்குமா?"

எங்க ஊர்ல சட்டை போட்டவரு மணியக்காரரு ஒருத்தருதான். அவருக்கும் ஒரே சட்டை. நான் எந்திரிச்சு கை கழுவப் போயிட்டேன்.

அப்பவே அந்தக் கிராணியத் தேடிப் போயி பேர அடிக்கச் சொல்லியிருக்கணும். ஞாயித்துக்கெழம பாய் கடையில காத்துக் கெடந்தேன், வரல. ஆபீஸுக்குள்ள போயி கேக்க எனக்குத் தைரியம் கெடையாது.

திங்கக்கெழம சாயங்காலம், பாக்கியம் ரோட்டு வேலை முடிஞ்சு வந்து கால் கழுவுறா, அவரே வந்துட்டாரு. கூட இன்னொரு கோட்டுக்காரரு. லயமே வாசல்ல நின்னு பாக்குது.

"புதன்கிழமை காலமை எட்டு மணிக்கு லோரி வரும். பிள்ளை வெளிக்கிட்டு நிக்கோணும்."

பக்கத்து வீட்டு அஞ்சலைக்கு வாய் நிக்காது. "அதெப்படிங்க, எட்டு மணிக்கு வெளிக்கு வருமா வராதான்னு இப்பவே யாரு சொல்றது?"

லயமே சிரிச்சுச்சு. காத்தாயி தலையக் குனிஞ்சுக்கிட்டுக் குலுங்குறா. கிராணிக்கு மொகம் செவந்து போச்சு. "அதில்லையம்மா. வெளிக்கிடுறதெண்டா புறப்படுறது."

"பொறப்பட்டு எங்கங்க?"

"கேம்புக்கு."

சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. பாக்கியம் கையில சொம்போட நிக்கிறா. "நானும் கூட வரலாமுங்களா?"

"இல்லையம்மா. இந்தப் பிள்ளையள் மட்டும்தான்."

ஆபீசு ஆளுங்க முன்னால எங்க சனம் அழாது, கேள்வியும் கேக்காது. சரிங்க, சரிங்கன்னு தலையாட்டும். அவங்க தல மறைஞ்சதும் பாக்கியம் மாருல அடிச்சுக்கிட்டு விழுந்தா. எதுத்த வீட்டுல இருமிக்கிட்டு இருந்த ஒரு ஆள அதுக்கு மொத மாசந்தான் கேம்புக்குக் கொண்டு போனாங்களாம். பொண்டாட்டி இங்க, புருசன் அங்க. காயிதம்கூட இல்ல.

காத்தாயி அழல. "எம் பேர யாரு குடுத்தது?"ன்னு ஒவ்வொருத்தரு மூஞ்சியாப் பாத்தா.

"கங்காணி குடுத்திருப்பான், நாசமாப் போறவன்"னா அஞ்சலை.

"கங்காணிக்கு எம் பேரு தெரியாது. நொண்டின்னுதான் கூப்பிடுவான்."

நான் கட்டைவெரல வேட்டி மடிப்புக்குள்ள வச்சுக்கிட்டேன். நகத்தோரம் மை இன்னும் முழுசாப் போகல. சொல்லிடுறான்னு மனசு அடிச்சுக்குது. என்னத்தச் சொல்ல? தாயிகிட்டேருந்து புள்ளையப் பிரிச்சது நான்தான்னா?

பாக்கியத்தோட கொழுந்தன் காப்பார்ல மாடு வச்சிருந்தாரு. லோரி வர்றதுக்கு முந்தி காத்தாயிய அங்க கொண்டு போயி விட்டுடறதுன்னு முடிவாச்சு. பாக்கியம் வேலைக்குப் போகலன்னா பேர அடிச்சுடுவாங்க. அதனால நான்தான் கூட்டிக்கிட்டுப் போகணும்.

புதன்கெழம மொத ரயிலுக்கு அவள முதுகுல சுமந்துக்கிட்டுப் போனேன். வழியில அவ சொல்றா, "மாமா, பயமா?"

"நீ கனமா இருக்க."

"கனத்துக்கு முதுகுல வேர்க்கும். ஒங்களுக்குக் காதுல வேர்க்குது."

ரயில் பெட்டியில பக்கத்துல ஒரு சீனத்தி, கூடையில நாலு வாத்து. கூட்டம் நம்ம ரயிலு மாதிரி இல்ல. ஏறி உக்காரலாம், இடுப்பு நோவாது. பாதி வழியில ஒரு வாத்து கூடையிலேருந்து எகிறி காத்தாயி மடியில வந்து விழுந்துச்சு. அதே நேரம் கோட்டு போட்ட டிக்கெட்டுக்காரரு உள்ள வர்றாரு. கோட்டப் பாத்ததும் அந்தக் கிராணி ஆளுதான்னு நெனச்சுட்டேன். அவரு காத்தாயி காலப் பாத்தாரு, வாத்தப் பாத்தாரு. "இது யாரோடது?"ன்னாரு. வாத்தத்தான் கேட்டாரு. எனக்கு அது புரியல. "என் தங்கச்சி மகளுங்க"ன்னுட்டேன். பெட்டியே சிரிச்சுச்சு. காத்தாயி மட்டும் என்னயே பாத்துக்கிட்டு இருந்தா.

கிள்ளான்ல எறங்கி விசாரிச்சா காப்பார் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குன்னாங்க. ரோட்டோரம் ஒரு மரத்தடியில அவள உக்கார வச்சுட்டு எதுத்த பக்கம் ஆப்பம் வாங்கப் போனேன். அங்க ஒரு பொம்பள ஆப்பம் சுடுறா பாருங்க, நடுவுல தேங்காப்பால் தளும்ப, ஓரம் காகிதமா முறுகி. ஒவ்வொண்ணா எடுக்குறா, அவசரமே கெடையாது. நானும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னுட்டேன். ரெண்டு ஆப்பத்த எலையில வாங்கிக்கிட்டுத் திரும்பினா மரத்தடியில ஆளு இல்ல. மூட்டையும் இல்ல. ஒத்த மரக்கட்டை மட்டும் மண்ணுல கெடக்கு.

பக்கத்துல ரிக்சாக்கார சீனன் ஒருத்தன் மலாய்ல என்னமோ சொல்றான். சோடாக் கடை பாய் ஓடி வந்து தமிழ்ல சொன்னாரு. "லோரி ஒண்ணு வந்து நின்னுச்சாம் அண்ணே. கோட்டுக்காரரு எறங்கி புள்ள பேரக் கேட்டாராம். நோட்டுல பேரு இருக்குன்னு தூக்கி ஏத்திட்டாங்களாம். உள்ள பூரா குருடு, மொடமாம்."

"அழுதாளா?"

பாய் அவன்கிட்டக் கேட்டுட்டுச் சொன்னாரு. "கடிச்சாளாம்."

"எந்தப் பக்கம் போச்சு?"

ரிக்சாக்காரன் கைய நீட்டி, "லாவுட்"டுன்னான். கடலுன்னு அர்த்தமாம்.

கடலுன்னா எனக்குத் துறைமுகந்தான். எப்படிப் போனேன்னு கேக்காதீங்க, கொஞ்சம் ஓடினேன், கொஞ்சம் ஒரு மாட்டு வண்டியில தொத்தினேன். அங்க ஒரு கப்பல் பொகை விட்டுக்கிட்டு நிக்குது. வாசல்ல மலாய்க்கார போலீசு. அவருக்கு என் பேச்சு புரியல, எனக்கு அவரு பேச்சு புரியல. காத்தாயி மாதிரி தரையில உக்காந்து கையால நகந்து காட்டினேன். லோரி மாதிரி சத்தம் போட்டேன். அவரு பாவப்பட்டு எனக்கு ஒரு சுருட்டு குடுத்தாரு.

அப்பத்தான் மூட்டை தூக்குற நம்ம ஆளு ஒருத்தன் வந்தான். "இன்னிக்கு இங்க எந்த லோரியும் வரல பெரியவரே. இந்தக் கப்பல்ல ஆளு ஏத்தல, ரப்பர்தான் ஏத்துறோம். மொடங்கள ஏத்துன லோரியா? இங்க வர்றப்ப கிள்ளான்ல பாத்தேனே. பந்திங் ரோட்டுல திரும்புச்சு. அந்தப் பக்கம் கடல்னா மோரிப்தான்."

"அங்கயும் கப்பல் நிக்குமா?"

"சின்னப் படகு நிக்கும். யாரு கண்டா."

சின்னப் படகுல ஏத்தி, ஆழத்துல நிக்கிற கப்பலுக்குக் கொண்டு போறாங்கன்னு நானே முடிச்சுப் போட்டுக்கிட்டேன்.

மோரிப் பக்கம் போற பஸ்ஸு ஜெஞ்சாரோம்கிட்ட பஞ்சர். டிரைவரு சீனன் எறங்கி, டயரக் காலால ஒரு உதை உதைச்சுட்டு, நெழல்ல உக்காந்து சுருட்டு பத்த வச்சான். நம்ம ஊரு வண்டிக்காரன்னா அச்சு முறிஞ்சாலும் மாட்டத் திட்டுவான். இவன் யாரையும் திட்டல. எனக்கு அதுதான் தாங்கல. ரோட்டுல அந்தாண்ட நடக்குறேன், இந்தாண்ட நடக்குறேன். ஒரு மலாய்க் கெழவி எலையில பொதிஞ்ச சோத்த என் கையில திணிச்சுட்டு, தோளத் தட்டி என்னமோ சொன்னா. காத்தாயிக்கு வாங்கின ஆப்பம் மடியில சொதசொதன்னு இருக்கு. கெழவி குடுத்தத அழுதுகிட்டே தின்னேன். காரம்னு நெனச்சு தண்ணியும் குடுத்தா.

மோரிப்ல எறங்குறப்ப பொழுது சாயுது. தென்னந்தோப்பு, ஓலை வேஞ்ச நாலு அத்தாப்புக் கொட்டகை, சுத்திக் கயிறு கட்டி இருக்கு. உள்ள இருக்குற ஒவ்வொருத்தரு கழுத்துலயும் நூலு கட்டி அட்டை. அதப் பாத்ததும் எனக்கு மத்தது ஒண்ணும் கண்ணுல படல. கயித்தத் தாண்டி விழுந்து, "எம் புள்ளைய விடுங்கடா! தாயி உசிரோட இருக்காடா!"ன்னு கத்தினேன்.

கொட்டகையிலேருந்து அந்தக் கிராணி ஓடி வந்தாரு. கோட்டு இல்ல. கால்சட்டைய முழங்காலுக்கு மேல சுருட்டி, கையில அகப்பை, மூஞ்சி பூரா கரி. மணிக்கட்டுல ஒரு துணிக் கட்டு. "ஐயா, பயப்பிடாதேங்கோ! இஞ்ச வாங்கோ!" பின்னால கோட்டெல்லாம் தென்ன மரத்து ஆணியில வரிசையாத் தொங்குது. அதுக்குரிய ஆபீசு மனுசங்கள்ல ஒருத்தரு வெறகு ஊதுறாரு, ஒருத்தரு கண்ணு தெரியாத ஆளக் கையப் புடிச்சு தண்ணிப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போறாரு. சோறு தீஞ்ச வாசம். கப்பலும் இல்ல, படகும் இல்ல.

அடுப்பு பக்கத்துல காத்தாயி. "மொதல்ல கஞ்சிய வடிங்கய்யா, அப்புறம் அவரப் புடிங்க"ங்குறா. என்னப் பாத்தா. சிரிக்கல.

கிராணி மூச்சு வாங்க எனக்கு வெளக்கினாரு. சங்கத்துக்காரங்க லீவு போட்டு வந்திருக்காங்களாம். வீட்டுக்குள்ளயே கெடக்குற இந்த மாதிரி வயசுப் புள்ளைங்க ஏழு நாளு கடலப் பாக்கணும், கூடிப் பேசணும், கைத்தொழிலு ஒண்ணு ரெண்டு பழகணுமாம். அம்புட்டுத்தான். ஏழாம் நாளு அவங்கவங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுடுவாங்களாம். அட்டையில இருக்கிறது நம்பரு இல்ல, பேரு. எனக்குப் படிக்கத் தெரிஞ்சாத்தானே?

"மாமா, இங்க வாங்க"ன்னா காத்தாயி. "ஐயா, நான் கத்துனப்ப காட்டுனீங்களே ஒரு பேப்பரு, அத எடுங்க."

எடுத்தாரு. அதுல ஒரு மையி வட்டம்.

"இது யாரு வெரலு?"

"என்னோடதுதான் ஆத்தா."

"எப்ப வச்சீங்க?"

"வந்த மறுநாளு. காப்பி குடிக்கிறப்ப."

"அம்மா விழுந்து பொரண்டு அழுதப்ப ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"என்னத் தூக்கிக்கிட்டு ஓடுனப்ப?"

கிராணி நடுவுல வந்தாரு. "பிள்ளை, ஐயா உமக்கு நல்லதுக்குத்தான்..."

"நீங்க பேசாதீங்கய்யா. நீங்களும் என்னக் கேக்கல. நான் வீட்டுலதான இருந்தேன்? அவரக் கேட்டீங்க. எனக்குக் காலுதான் வராது. வாய் வரும்ல?"

கிராணி மணிக்கட்டுக் கட்டத் தடவிக்கிட்டாரு. "அது எனக்கு வடிவா விளங்குது."

சுத்தி இருந்தவங்க அத்தன பேரும் சிரிச்சாங்க. கண்ணு தெரியாத ஆளு ஒருத்தரு, "எந்தக் கை கிராணியாரே? எழுதுற கையா?"ன்னாரு. அதுக்கும் சிரிப்பு. காத்தாயி சிரிக்கல. எனக்கு ஒரு தட்டுல தீஞ்ச சோத்தப் போட்டு முன்னால தள்ளினா. கொழம்பு ஊத்தல.

அலை வந்து வந்து போகுது. அவ கடலப் பாத்தது அன்னிக்குத்தான் மொத தடவை. ஒத்தக் கட்டைய வச்சுக்கிட்டு எப்படி நகந்தாளோ, ஈர மணல்ல ரொம்பத் தூரத்துக்குத் தடம் போயிருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டே கேட்டேன். "காத்தாயி, என்கூட ஊருக்கு வர்றியா?"

வந்த நாளுலேருந்து அந்த ஒண்ண மட்டும் நான் கேக்கவே இல்ல.

அவ நெசமாவே யோசிச்சா. "இல்ல மாமா. வரல."

"சரி ஆத்தா. அப்ப அம்மா?"

"அம்மாவ அம்மாகிட்டக் கேளுங்க." அப்புறந்தான் என் தட்டுல கொழம்ப ஊத்தினா. "நான் ஏழு நாளும் இருந்துட்டுத்தான் வருவேன். இவங்கள நம்பி விட்டா இந்தச் சனம் பட்டினி கெடக்கும்."

மறுநாளு அரிசி வாங்கப் பொறப்பட்ட லோரியில கிராணி என்ன ஏத்தி விட்டாரு. லயத்துக்கு வர்றப்ப பாக்கியம் வேலை விட்டு வந்து வாசப்படியில உக்காந்திருக்கா. ரெண்டு நாளா அடுப்பு பத்த வைக்கலன்னு பாத்ததும் தெரிஞ்சுச்சு.

"புள்ளைய பத்திரமா விட்டியாண்ணே?"

"கேம்புல..."ன்னு வாய் தவறி வந்துடுச்சு. அவ ஐயோன்னு அலறுன அலறல்ல அஞ்சலை கரண்டியோட ஓடியாந்தா. அப்புறம் நான் கையப் புடிச்சுக்கிட்டு, "இல்ல, இல்ல, விருந்தாடி போயிருக்கு ஆத்தா, ஏழு நாளு விருந்தாடி போயிருக்கு"ன்னு நாலஞ்சு தடவ சொன்னேன். மைய வச்சது நான்தான்னும் சொன்னேன். அஞ்சலை திட்டுன திட்ட இங்க சொல்ல முடியாது. பாக்கியம் திட்டல. தண்ணி குடிச்சா. மொகத்தக் கழுவினா.

அவ எதுத்தாப்புல தரையில உக்காந்து, "பாக்கியம், காத்தாயி ஊருக்கு வரலைங்குது. கேட்டேன். நீ வர்றியா?"ன்னேன்.

அவ என்னய நிமிந்து பாத்தா. அவளக் கட்டிக் குடுத்தப்பவும் யாரும் கேக்கல, கப்பல் ஏத்துனப்பவும் கேக்கல. அண்ணன் நானே ரெண்டு தடவையும் கூட நின்னவன்.

"யோசிச்சுச் சொல்றேண்ணே"ன்னா.

யோசிக்கட்டும்னு நான் எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சேன்.